தொப்புள்கொடியை எப்போது வெட்டுவது? ராமநாதபுரம் கடலோரக் குடும்பங்களுக்கான கேள்வி-பதில்

குழந்தை வெளியே வந்த கையோடு கொடியை வெட்டாமல் சற்றுப் பொறுப்பதைப் பற்றி, தொண்டி முதல் சாயல்குடி வரை உள்ள கர்ப்பிணிகளுக்கும் அவர்களுக்குத் துணையாக வரும் அம்மா, மாமியார், கணவர்மாருக்கும் எழும் கேள்விகள் இவை. 37 வாரம் முடிந்து பிறக்கும் நிறைமாதக் குழந்தையை வைத்தே பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன. குறைமாதம், சிசேரியன், ஆம்புலன்ஸ் பிரசவம் எல்லாம் தனியாக வருகின்றன.

பொறுப்பது என்றால் எத்தனை நிமிடம்?

குழந்தையின் உடல் முழுதும் வெளியே வந்த நொடியிலிருந்து கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 1 நிமிடத்துக்கு முன் வெட்ட வேண்டாம், 1 முதல் 3 நிமிடம் வரை விடுங்கள் என்கிறது. மத்திய அரசு 2018இல் தொடங்கிய ‘அனீமியா முக்த் பாரத்’ ரத்தசோகைத் திட்டம் குறைந்தது 3 நிமிடம், அல்லது கொடியின் துடிப்பு அடங்கும் வரை என்கிறது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பு 30 முதல் 60 வினாடியாவது பொறுங்கள் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது.

உடனே வெட்டாதே என்பதில் மூவருக்கும் ஒரே பேச்சுதான். எதுவரை என்பதில் மட்டும் வித்தியாசம். ரத்தசோகை பரவலாக உள்ள நம் பக்கத்துக்கு 3 நிமிடக் கணக்கே பொருந்தும் என்பது எங்கள் கருத்து. பிறந்ததும் நன்றாக அழுகிற குழந்தைக்கு 3 நிமிடத்தைக் குறியாக வையுங்கள். எப்படி அவசரப்பட்டாலும் 1 நிமிடத்துக்குக் கீழே இறங்க வேண்டாம்.

அந்த 3 நிமிடத்தில் கொடிக்குள் என்ன நடக்கிறது?

கருப்பையில் இருக்கும்போது குழந்தையின் ரத்தம் முழுவதும் குழந்தையின் உடம்பில் இருப்பதில்லை. பிறக்கிற நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நஞ்சுக்கொடியிலும் தொப்புள்கொடியிலும் நிற்கிறது. இது தாயின் ரத்தம் அல்ல, பிள்ளையின் சொந்த ரத்தம்.

கொடிக்குள் மூன்று குழாய்கள் இருக்கின்றன. இரண்டு தமனிகள் குழந்தையிடமிருந்து நஞ்சுக்கு ரத்தத்தைக் கொண்டுபோகின்றன. ஒரு சிரை நஞ்சிலிருந்து குழந்தைக்குக் கொண்டுவருகிறது. பிறந்து காற்றுப் பட்டதும் தமனிகள் முதலில் சுருங்கிவிடும், சிரை இன்னும் சிறிது நேரம் திறந்திருக்கும். போகும் வழி அடைபட்டு வரும் வழி திறந்திருப்பதால், நிலுவையில் இருக்கும் ரத்தம் குழந்தைக்குள் இறங்குகிறது. கருப்பை சுருங்குவதும், குழந்தை அழுது மூச்சை இழுப்பதும் அதைத் தள்ளவும் இழுக்கவும் செய்கின்றன. முதல் நிமிடத்தில் ஏறத்தாழ 80 மி.லி., மூன்றாம் நிமிடம் முடியும்போது 100 மி.லி. அளவுக்குப் போய்ச் சேரும். 3 கிலோ குழந்தையின் மொத்த ரத்தமே கால் லிட்டர் சொச்சம்தான் என்பதை வைத்துப் பார்த்தால் 100 மி.லி. எவ்வளவு பெரிய பங்கு என்று தெரியும்.

நுரையீரலுக்கும் இதில் ஆதாயம் உண்டு. முதல் மூச்சில் நுரையீரல் விரியும்போது அங்கே ஓட நிறைய ரத்தம் வேண்டும். மூச்சு தொடங்குமுன் கொடியை இறுக்கிவிட்டால், இதயத்துக்கு வரும் ரத்தம் சட்டென்று குறைந்து சில நொடிகள் திணறும்.

பிறகு குழந்தையின் ரத்தம் தாய்க்கே திரும்பிவிடாதா?

இல்லை. தாயின் ரத்தமும் பிள்ளையின் ரத்தமும் நஞ்சுக்குள் அடுத்தடுத்து ஓடுகின்றனவே தவிர நேராகக் கலப்பதில்லை. கொஞ்சம் நஞ்சுப் பக்கம் போய் வரலாம், ஆனால் தமனிகள் சுருங்கச் சுருங்க அதுவும் நின்றுவிடும்.

100 மி.லி. ரத்தத்தால் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது?

முக்கியமாக இரும்பு. 1 கிராம் ஹீமோகுளோபினில் 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. பிறந்த குழந்தையின் 100 மி.லி. ரத்தத்தில் 16 கிராம் அளவுக்கு ஹீமோகுளோபின் இருந்தால் இரும்பு 50 மில்லிகிராமுக்குச் சற்று மேல் வரும். தாய்ப்பாலில் உள்ள இரும்பு நன்றாக உடம்பில் ஒட்டும், ஆனால் அளவு மிகக் குறைவு: லிட்டருக்கு 0.3 முதல் 0.4 மில்லிகிராம் வரைதான். நாளொன்றுக்கு முக்கால் லிட்டர் குடிக்கிற குழந்தைக்கு அந்த 50 மில்லிகிராம் தாய்ப்பால் வழியே வந்துசேர ஆறு மாதம் போல ஆகும். அதைத்தான் கொடி சில நிமிடத்தில் தருகிறது. முதல் ஆறு மாதம் குழந்தை வாழ்வது பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச் சேமிப்பில்.

சுவீடனில் 2011இல் வெளியான ஆய்வில், 3 நிமிடம் பொறுத்த குழந்தைகளில் 4 மாத வயதில் இரும்புக் குறைபாடு 0.6 சதவீதம், உடனே வெட்டியவர்களில் 5.7 சதவீதம். அதே குழந்தைகளை 4 வயதில் பார்த்தபோது விரல் வேலைகளில், குறிப்பாக ஆண் குழந்தைகளிடம், சிறிய முன்னேற்றம் தெரிந்தது. ‘மூளை பலமடங்கு வளரும்’ என்று யாராவது சொன்னால் அது கூட்டிச் சொல்வது.

நமக்கு நெருக்கமான கணக்கு நேபாளத்தினுடையது. 540 குழந்தைகளை வைத்து நடந்த அந்த ஆய்வு 2017இல் வெளியானது. 8 மாத வயதில் ரத்தசோகை, 1 நிமிடத்துக்குள் வெட்டியவர்களில் 82 சதவீதம், 3 நிமிடம் பொறுத்தவர்களில் 73 சதவீதம். குறைந்தது உண்மை. பொறுத்தும் நூற்றுக்கு 73 பேருக்கு ரத்தசோகை இருந்தது என்பதும் உண்மை. கொடி ஒரு நல்ல தொடக்கம்தான், அதை மட்டும் நம்பி மற்றதை விட முடியாது.

நம் பக்கம் அவ்வளவு ரத்தசோகையா? மீன் சாப்பிடுகிற ஊராயிற்றே?

2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதத்துக்கு ரத்தசோகை. கர்ப்பிணிகளில் பாதிக்குச் சற்றுக் குறைவு. மீனில் இரும்பு இருக்கிறது, ஆனால் கர்ப்பகாலத் தேவைக்குச் சாளை மீனும் நகரை மீனும் மட்டும் போதாது. சாப்பாட்டுக்குப் பின்னாலேயே டீ குடித்தால் உள்ளே போன இரும்பும் சரியாக ஒட்டாது. கருப்பட்டியை நம்பி மாத்திரையை விடுகிறவர்களும் உண்டு. கருப்பட்டி மாத்திரைக்கு ஈடாகாது.

பிரசவ அறையில் இது எப்படி நடக்க வேண்டும்?

குழந்தை பிறந்ததும் நேரத்தைச் சத்தமாகச் சொல்லிச் சுவர்க் கடிகாரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மனக்கணக்கில் ‘மூன்று நிமிடம்’ என்பது பெரும்பாலும் 40 வினாடியில் முடிந்துவிடும். இங்கே அதிகம் நடக்கிற தவறு இதுதான்.

குழந்தையைத் தாயின் வயிற்றில், உலர்ந்த துணியின் மேல் போட்டு, முகம், தலை, முதுகு, கை கால் என்று நன்றாகத் துடைப்பார்கள். நனைந்த துணியை உருவிவிட்டு, தாயின் தோலோடு தோலாகக் குப்புறக் கிடத்தி, வேறொரு உலர்ந்த துணியால் மூடித் தலைக்குக் குல்லா போட வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். வெளியே சித்திரை வெயில் கொளுத்தினாலும், ஈரத்தோடு விசிறிக்கு அடியில் கிடக்கிற குழந்தை சில நிமிடத்தில் குளிர்ந்துவிடும். அறையில் 25 முதல் 28 டிகிரி இருந்தால் நல்லது.

வயிற்றில் இன்னொரு குழந்தை இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, முதல் நிமிடத்துக்குள் தாயின் தொடையில், கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் 10 யூனிட் ஊசி. கொடியைத் தொடுமுன் வெளிக் கையுறையைக் கழற்றிவிட வேண்டும், ஏனென்றால் பிரசவத்தின்போது அதில் மலம் பட்டிருக்கலாம். 3 நிமிடம் ஆனதும், அல்லது குழந்தைப் பக்கத்தில் கொடியைத் தொட்டுப் பார்த்துத் துடிப்பு நின்றதும், வயிற்றிலிருந்து 2 செ.மீ. தள்ளிப் பிளாஸ்டிக் கிளாம்ப், 5 செ.மீ. தள்ளி ஃபோர்செப்ஸ், நடுவில் கிருமிநீக்கிய கத்தரி. வெட்டும் இடத்தில் ஒரு காஸ் துணியைப் போர்த்தினால் ரத்தம் தெறிக்காது. வெட்டிய முனையில் மூன்று குழாய் வாயும் தெரிகிறதா என்று எண்ண வேண்டும். இரண்டே இருந்தால் குழந்தை மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம். கால் மணி நேரம் கழித்து முனையில் கசிவு இருக்கிறதா என்று மறுபடி பார்ப்பதும் அவசியம். தளர்வாகப் போட்ட கிளாம்பால் துணிக்கு அடியில் சத்தமில்லாமல் ரத்தம் போகும்.

எடை, வைட்டமின் கே ஊசி, தடுப்பூசி எதற்கும் இந்த நேரத்தில் அவசரம் இல்லை. முதல் ஒரு மணி நேரத் தோல் தொடர்பும் முதல் பாலும் முடிந்த பின் செய்யலாம். பொறுத்து வெட்டிய குழந்தையின் எடை சராசரியாக 100 கிராம் கூடுதலாகக் காட்டும். அது உள்ளே இறங்கிய ரத்தத்தின் எடை.

குழந்தையைத் தாழ்வாகப் பிடித்தால்தான் ரத்தம் இறங்கும் என்கிறார்களே?

முன்பு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அர்ஜென்டினாவில் 2014இல் வந்த ஆய்வு அதைச் சோதித்தது. சுகப்பிரசவத்தில் குழந்தையைத் தாயின் வயிற்றில் அல்லது மார்பில் வைத்தபோது 2 நிமிடத்தில் கூடிய எடை 53 கிராம், கீழே தாழ்வாகப் பிடித்தபோது 56 கிராம். வித்தியாசம் ஒன்றுமில்லை. வழுக்கும் குழந்தையைக் கையில் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பதைவிட அம்மாவின் வயிறு எவ்வளவோ பத்திரம்.

தாய்க்கு ரத்தப்போக்கு கூடுமா?

கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. 15 ஆய்வுகளையும் 3,911 பெண்களையும் சேர்த்துப் பார்த்த 2013ஆம் ஆண்டுத் தொகுப்பில் இரு பக்கமும் ரத்தப்போக்கு ஒரே அளவு. இந்தப் பயம் வந்ததற்குக் காரணம், ஆக்ஸிடோசின் ஊசி, உடனே கொடி வெட்டு, நஞ்சை இழுத்து எடுப்பது மூன்றையும் ஒரே மூட்டையாகச் சொல்லிக்கொடுத்த காலம். பிரித்துப் பார்த்தபோது தாயைக் காப்பது ஊசிதான் என்று தெரிந்தது. ஊசியை நேரத்துக்குப் போடுங்கள், வெட்டுவதைத் தள்ளிப்போடுங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று தடை அல்ல.

ரத்தம் கட்டுக்கடங்காமல் கொட்டினால் மட்டும் கணக்கு மாறும். அப்போது கொடியை உடனே வெட்டிவிட்டுத் தாயைப் பார்க்க வேண்டும்.

மஞ்சள் காமாலை வரும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

ஓரளவு உண்மை. இந்த முறைக்கு இருக்கும் ஒரே பெரிய விலையும் அதுதான். கூடுதல் ரத்தம் என்றால் கூடுதல் சிவப்பணுக்கள். அவை உடையும்போது வரும் பிலிருபின் என்ற மஞ்சள் பொருளை முதிராத கல்லீரல் மெதுவாகவே வெளியேற்றும். மேலே சொன்ன தொகுப்பில், உடனே வெட்டிய 1000 குழந்தைகளில் 27 பேருக்கும், பொறுத்து வெட்டிய 1000 பேரில் 44 பேருக்கும் நீல விளக்குச் சிகிச்சை, அதாவது ‘லைட்டில் வைப்பது’, தேவைப்பட்டது. ஆயிரத்துக்கு 17 பேர் கூடுதல். ஓரிரு நாளில் முடிகிற சிகிச்சைதான்.

ஆனால் யாராவது நேரத்துக்குக் கவனித்தால்தான் அது சின்ன விஷயம். பிலிருபின் உச்சத்துக்குப் போவது 3 முதல் 5ஆம் நாள். அந்த நேரத்தில் தாயும் பிள்ளையும் மூக்கையூரிலோ தங்கச்சிமடத்திலோ தாய்வீட்டில் இருப்பார்கள். தீட்டுக்காக ஒதுக்கின இருட்டறையில், மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில், பிள்ளையின் மஞ்சள் யார் கண்ணிலும் படாது. எனவே, கொடியைப் பொறுத்து வெட்டச் சொல்கிறவர்கள் 3ஆம் நாளிலிருந்து 5ஆம் நாளுக்குள் குழந்தையை மறுபடி காட்டவும் ஒப்புக்கொள்ள வேண்டும். பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளும் பேரம் இதில் இல்லை.

வீட்டில் பார்ப்பது எளிது. பகல் வெளிச்சத்தில், வாசல் பக்கம் கொண்டுவந்து, நெற்றியையும் மார்பையும் தொடையையும் விரலால் அழுத்தி விடுங்கள். அழுத்திய இடம் மஞ்சளாகத் தெரிந்தால் காமாலை. முகத்தில் மட்டும் இருந்து, குழந்தை நன்றாகக் குடித்து, நனைத்துக்கொண்டிருந்தால் கிராம சுகாதார செவிலியர் வரும்போது காட்டலாம். பிறந்த முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளானாலோ, குழந்தை துவண்டு பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

காலை வெயிலில் காட்டுவது சிகிச்சை அல்ல. நம் கரை வெயிலில் பிள்ளைக்கு நீர் வற்றும், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை தாய்ப்பால் கொடுங்கள். மலத்தோடுதான் பிலிருபின் வெளியேறும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பெட்டியில் அந்துருண்டை போட்டு வைத்திருந்த பழைய துணியைப் பிள்ளைக்குப் போர்த்தாதீர்கள். பிறவியிலேயே ஜி6பிடி நொதி குறைவான குழந்தைக்கு அந்த வாசனையே சிவப்பணுக்களை உடைத்துக் கடுமையான காமாலையைக் கொண்டுவரும்.

ரத்தம் கெட்டியாகிவிடும் என்பது?

சிவப்பணுக்களின் பங்கு 65 சதவீதத்தைத் தாண்டினால் அப்படிச் சொல்வார்கள். பொறுத்து வெட்டியவர்களில் அந்த அளவு சற்று உயரலாம், ஆனால் பெரும்பாலும் தொந்தரவு எதுவும் இருக்காது. எடை மிகக் குறைந்த குழந்தை, சர்க்கரை நோயுள்ள தாயின் குழந்தை இருவரிடமும் கூடுதல் கவனம் வேண்டும். உடல் கருஞ்சிவப்பாகி, மூச்சு வேகமாகி, கை கால் உதறி, பால் குடிக்க மறுத்தால் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

குழந்தை பிறந்ததும் அழவில்லை. அப்போதும் பொறுக்க வேண்டுமா?

முதலில் துடைத்து, முதுகைத் தேய்த்துத் தூண்டிப் பார்ப்பார்கள். இதையெல்லாம் கொடி வெட்டாமலே செய்யலாம். நிறைய குழந்தைகள் இதிலேயே மூச்சை எடுத்துவிடும். அதற்கும் அசையவில்லை என்றால் வெட்டிவிட்டு, சூடு தரும் மேசையான வார்மருக்குக் கொண்டுபோய், பிறந்த முதல் நிமிடத்துக்குள் பையும் முகமூடியும் வைத்து மூச்சுக் கொடுக்கத் தொடங்க வேண்டும். பழகிய கைகளும் தாயின் பக்கத்திலேயே கருவிகளும் இருந்தால், கொடியோடு சேர்த்தே மூச்சுக் கொடுக்க முடியும். அந்த வசதி இல்லாத இடத்தில் அதை முயல வேண்டாம். மூச்சில்லாத குழந்தைக்கு முதல் தேவை காற்று. ரத்தத்துக்காக அதைத் தாமதப்படுத்தக் கூடாது.

குறைமாதக் குழந்தைக்கு?

அதற்குத்தான் பலன் அதிகம், பலரும் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக. 2023இல் வந்த தொகுப்பாய்வில் 37 வாரத்துக்கு முன் பிறந்த 3,292 குழந்தைகளைப் பார்த்தார்கள். உடனே வெட்டியவர்களில் 8 சதவீதம் இறந்தார்கள், பொறுத்து வெட்டியவர்களில் 6 சதவீதம். 30 முதல் 60 வினாடியாவது விட்டு வெட்டுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. குளிர்ந்துவிடாமல் போர்த்துவதில் மட்டும் இரட்டிப்புக் கவனம் வேண்டும். சின்னக் குழந்தை வெப்பத்தை வேகமாக இழக்கும்.

குறைமாத வலி என்று தெரிந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தோடு நிற்காமல், வாய்ப்பிருக்கும்போதே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ராமேஸ்வரத்திலிருந்து 55 கி.மீ. போல வரும், பாம்பன் பாலத்தையும் தாண்ட வேண்டும். பிறந்த பின் குழந்தையைத் தனியாக அனுப்புவதைவிட, வயிற்றோடு போவது பாதுகாப்பு.

பொறுக்க நேரமில்லை, கொடியைப் பிழிந்து ரத்தத்தைத் தள்ளிவிடலாமா?

28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்குக் கூடவே கூடாது. 2019இல் வெளியான ஆய்வில் 23 முதல் 27 வாரக் குழந்தைகளில், கொடியைப் பிழிந்தவர்களில் 22 சதவீதத்துக்கு மூளையில் கடுமையான ரத்தக்கசிவு. பொறுத்து வெட்டியவர்களில் 6 சதவீதம். பொலபொலவென்று இருக்கும் மூளை ரத்தக்குழாய்களுக்குள் ரத்தத்தை அழுத்தித் தள்ளினால் அவை தாங்காது. நிறைமாதக் குழந்தைக்கு, பொறுக்க முடிகிறபோது பிழிய அவசியமே இல்லை.

சிசேரியனில் முடியுமா?

முடியும். வழக்கமாக 30 முதல் 60 வினாடி. குழந்தையைத் தாயின் தொடைமேல், கிருமிநீக்கிய துணியில் போர்த்தி வைத்துவிட்டுப் பொறுப்பார்கள். ஏ.சி. அறையின் குளிர்தான் இங்கே எதிரி. கருப்பை வெட்டிலிருந்து ரத்தம் அதிகம் வந்தால் மருத்துவர் காத்திருக்க மாட்டார், காத்திருக்கவும் கூடாது. நாள் குறித்துச் செய்யும் சிசேரியன் என்றால் முந்தின நாளே கேட்டுவிடுங்கள்.

எப்போது பொறுக்கவே கூடாது?

நஞ்சு முன்கூட்டியே பிரிந்துவிட்டது, கீழிறங்கிய நஞ்சிலிருந்து ரத்தம் கொட்டுகிறது, கொடி அறுந்துவிட்டது, தாய் ரத்த ஓட்டம் குறைந்து அதிர்ச்சி (ஷாக்) நிலையில் இருக்கிறார், குழந்தைக்கு உடல் முழுதும் நீர்க்கோர்வை: இவற்றில் காத்திருப்பதால் நன்மை இல்லை. ஒரே நஞ்சைப் பகிர்ந்துகொண்ட இரட்டைக் குழந்தைகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ரத்தம் போகும் வாய்ப்பு உண்டு, அதனால் முடிவை மகப்பேறு மருத்துவரே எடுப்பார்.

எனக்கு ரத்தவகை நெகட்டிவ் / சர்க்கரை / மஞ்சள் காமாலை பி இருக்கிறது. பொறுக்கலாமா?

நெகட்டிவ் என்பது மட்டும் தடை அல்ல. பரிசோதனையில் எதிர்ப்பணு உருவாகியிருப்பதாகச் சொன்னால் மருத்துவரிடம் தனியாகப் பேசுங்கள். வெட்டிய பின் நஞ்சுப் பக்கக் கொடியிலிருந்து குழந்தையின் ரத்தவகைக்கு மாதிரி எடுக்கலாம். குழந்தை பாசிட்டிவ் என்றால், எதிர்ப்பணு உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தாய்க்கு 72 மணி நேரத்துக்குள். ஹெபடைடிஸ் பி, எச்.ஐ.வி. உள்ள தாய்க்கும் பொறுத்து வெட்டலாம், 3 நிமிடத்தால் தொற்று கூடுவதில்லை. சர்க்கரை இருந்தால் பிள்ளைக்குக் காமாலை, சர்க்கரைத் தாழ்வு இரண்டையும் கூர்ந்து பார்க்க வேண்டும்.

கழுத்தில் கொடி சுற்றியிருந்தால் உடனே வெட்டத்தானே வேண்டும்?

பெரும்பாலும் தேவைப்படாது. தளர்வாக இருந்தால் தலைமேல் வழித்து எடுத்துவிடலாம். சற்று இறுகியிருந்தால் குழந்தையின் தலையைத் தாயின் தொடைப்பக்கம் ஒட்டி வைத்து, உடலைக் குட்டிக்கரணம் போலச் சுழல விட்டு வெளியே எடுத்த பின் அவிழ்ப்பார்கள். இறுகிய கொடியால் குழந்தைக்கு ரத்தம் வருவது முன்பே குறைந்திருக்கும் என்பதால், இந்தக் குழந்தைக்குத்தான் அந்த நிலுவை அதிகம் தேவை.

108 வருவதற்குள், அல்லது வண்டியிலேயே பிறந்துவிட்டால்?

வெட்டாதீர்கள். கொடி வெட்டாததால் குழந்தைக்கு ஆபத்தில்லை, அழுக்கு பிளேடால் வெட்டினால் ஆபத்து. குழந்தையைத் துடைத்து, தாயின் வெற்று வயிற்றில் வைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். கொடி சராசரியாக 50 முதல் 60 செ.மீ. இருக்கும், குட்டையாக இருந்தால் மார்புவரை இழுக்காமல் அடிவயிற்றிலேயே விடுங்கள். இழுத்தால் கொடி அறும், கருப்பையே கூட வெளிப்புறமாகப் புரளும். அறுந்து ரத்தம் வந்தால் குழந்தைப் பக்கத்து முனையைச் சுத்தமான துணியால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், ஆள் வரும் வரை விடக்கூடாது.

வலை கட்டும் நைலான் நரம்பால் கட்டலாம் என்று தோன்றும். வேண்டாம். மெல்லிய நரம்பு வழவழப்பான கொடியை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். 108 ஊழியர்களிடம் பிரசவப் பெட்டி இருக்கும், வெட்டுவது அவர்கள் வேலை. நஞ்சு தானாக வந்துவிட்டால் ஒரு சுத்தமான பையில் போட்டுக் குழந்தையின் மட்டத்திலேயே வைத்து எடுத்துப்போங்கள். தாய்க்கு ரத்தம் கொட்டினால் தொப்புளுக்குக் கீழே கருப்பையை உள்ளங்கையால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே, பிள்ளைக்குப் பால் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஜாதகத்துக்கு எந்த நேரம்? கொடி வெட்டிய நேரமா?

ஆஸ்பத்திரிப் பதிவில் வருவது குழந்தை முழுதாக வெளியே வந்த நேரம். 3 நிமிடம் பொறுத்ததால் அது மாறாது.

பாங்கு சொல்லவும் சேனை வைக்கவும் தாமதமாகிறதே?

பாங்கு சொல்ல வாப்பாவோ பாட்டனாரோ சில நிமிடம் கழித்து, பிள்ளை தாயின் மார்பில் இருக்கும்போதே சொல்லலாம். சேனை, சர்க்கரைத் தண்ணீர், தேன் எதுவும் வாயில் வைக்க வேண்டாம், முதல் சீம்பாலே போதும்.

கொடி ரத்தத்தைத் தனியார் வங்கியில் சேமிக்கச் சொல்கிறார்கள். இரண்டும் முடியுமா?

பொறுத்து வெட்டினால் வங்கிக்குக் கிடைப்பது குறையும். அதனால்தான் சில விளம்பரங்களில் இந்தப் பேச்சே வராது. பிள்ளையின் சொந்த உபயோகத்துக்காக என்று பணம் கட்டிச் சேமிப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் ஆதரிக்கவில்லை. வீட்டில் ஏற்கெனவே ஒரு பிள்ளைக்குத் தலசீமியா போன்ற ரத்த நோய் இருந்தால் மட்டும் மருத்துவரிடம் பேசுங்கள். மற்றபடி அந்த ரத்தத்துக்கு உரியவர் பக்கத்திலேயே அழுதுகொண்டிருக்கிறார்.

வெட்டிய பின் தொப்புளில் என்ன போடுவது?

ஒன்றும் போட வேண்டாம். மஞ்சள், விபூதி, வேப்பெண்ணெய், வசம்புக் கரி எதுவும் கூடாது. காற்றுப்பட உலர விடுங்கள், நாப்கினைத் தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்டுங்கள். ஒன்று இரண்டு வாரத்தில் தானாக விழும். சுற்றிலும் சிவந்து, சீழ் வடிந்து, நாற்றம் வந்தால் காட்டுங்கள்.

பொறுத்து வெட்டச் சொல்லிக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ?

வலி உச்சத்தில் இருக்கும்போது கேட்டால் யாருக்கும் காதில் விழாது. 36ஆம் வாரப் பரிசோதனையில், “பிள்ளை அழுதா கொடியை மூணு நிமிஷம் விட்டு வெட்டுவீங்களா சிஸ்டர்?” என்று கேளுங்கள். தாய் சேய் நல அட்டையில் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். உள்ளே வரும் துணையாளுக்கு ஒரே வேலை: குழந்தை பிறந்ததும் கடிகாரத்தைப் பார்ப்பது. அடுத்த கட்டிலில் இன்னொருவர் முக்கிக்கொண்டிருந்தால் செவிலியர் அவசரப்படுவார், அது அக்கறையின்மை அல்ல. அப்போதும் 1 நிமிடம் கிடைத்தாலே பெரும்பங்கு ரத்தம் போய்ச் சேர்ந்துவிடும்.

எங்கள் பிள்ளைக்கு உடனே வெட்டிவிட்டார்கள். இப்போது என்ன செய்வது?

பதற வேண்டாம், ஈடுகட்ட வழி உண்டு. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும். தாய் தன் இரும்பு மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள் சாப்பிட வேண்டும், கால்சியம் மாத்திரையோடு சேர்க்காமல் இரண்டு மணி நேரமாவது தள்ளி. 6 மாதம் முடிந்ததும் பிள்ளைக்குக் கூழோடு முட்டை மஞ்சள் கரு, முள் நீக்கி மசித்த மீன், கீரை, பருப்பு, கூடவே சிறிது எலுமிச்சை அல்லது நெல்லிச் சாறு. அரசு தரும் இரும்பு சிரப் வாரம் இரண்டு முறை 1 மி.லி.; அதில் 20 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மலம் கருப்பாகப் போனால் பயந்து நிறுத்திவிடாதீர்கள், அது இரும்பின் நிறம். பாட்டிலை மற்ற பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், மொத்தமாகக் குடித்தால் விஷம். பிறந்த எடை 2.5 கிலோவுக்குக் கீழ் என்றால் 6 மாதம் வரை காத்திருக்காமல் இரண்டாம் மாதத்திலேயே சொட்டு மருந்து பற்றிக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். 9ஆம் மாதத் தடுப்பூசிக்குப் போகும்போது ஒரு முறை ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். 11 கிராமுக்குக் கீழ் இருந்தால் சிரப்பின் அளவை மருத்துவர் மாற்றுவார்.